பூமிக்கு ஒரு முத்தம்

நிலமும் நிறமும் – அத்தியாயம் 17

சென்ற அத்தியாயத்தில் அவனீந்திரநாத் தாகூர் 1905-இல் வரைந்த ‘பாரத மாதா’வைப் பார்த்தோம். வங்கப் பிரிவினைக்கு எதிரான கொந்தளிப்பில் பிறந்த அந்த ஓவியத்தில் தேசம் காவியுடுத்தி, நான்கு கைகளில் நெற்கதிரும் சுவடியும் வெண்துணியும் செபமாலையும் ஏந்தி நிற்கிறது. தேசத்துக்கு ஒரு முகம் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அது நேரான விடை. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, உலகின் வேறொரு மூலையில் வேறொரு விடை உருவானது. அதில் முகமே கிடையாது. பனி உருகிப் பசுமை ஏறிய மேடுகள், ஒரு நீர்நிலை, பழம்பாறைகள், திரண்டு உருளும் மேகங்கள், அவ்வளவுதான். 1912-இல் நிக்கோலஸ் ரோரிக் என்ற ரஷ்ய ஓவியர் ஒரு நாட்டிய அரங்கின் பின்திரைக்காக உருவாக்கிய ‘பூமிக்கு முத்தம்’ அது. வசந்தம் தொடங்கும் ஒரு பொழுதைக் காட்டி, இதுதான் எங்கள் நாட்டின் ஆதி உருவம் என்று சொல்ல முயன்ற ஓவியம்.

ரஷ்ய ஓவியத்துக்கு இந்தத் தொடரில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். சென்னையிலிருந்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் வழியாகத் தொழிற்சாலை மதில்களுக்கு நடுவே பெங்களூருக்கு ஓடும் நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு முனையில், அடையாறு பிரம்மஞான சபைக்கு 1925-இல் ரோரிக் நேரில் வந்து ‘தூதர்’ என்ற தம் ஓவியத்தை அளித்தார். மறுமுனையில், பெங்களூரின் கனகபுரா சாலையில் இருக்கும் தாதகுணித் தோட்டத்தில்தான் அவருடைய இளைய மகனும் ஓவியருமான ஸ்வெதோஸ்லாவ், தம் மனைவி தேவிகா ராணியோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். ரோரிக்கின் கடைசி இருபது ஆண்டுகளும் பெரும்பாலும் இந்தியாவில், குலு பள்ளத்தாக்கின் நக்கரில் கழிந்தன. ஆகவே இது நம் கதையும்தான். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒரு நிலத்தின் வசந்தம் ஒரு தேசத்தின் அடையாளமாக மாறுவது எப்படி என்பதற்கு இந்த ஒற்றை ஓவியத்தைப் போலத் தெளிவான சான்று வேறில்லை. அந்த நிலம் தூய்மையானது, அங்கே வேறு யாரும் கலக்கவில்லை என்பதால் அது அடையாளம் ஆவதில்லை. எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் கூடி, இது எங்களுடையது என்று தேர்ந்துகொண்டு, அதற்காக உழைக்கும்போதுதான் ஆகிறது. இந்த அத்தியாயத்தில் நான் நிறுவ முயல்வது இதைத்தான்.

முதலில் ஓவியத்தையே பார்ப்போம். வசந்தம் ரஷ்ய ஓவியர்களுக்குப் பழகிய பொருள். அலெக்சேய் சவ்ராசவ் 1871-இல் வரைந்த ‘காகங்கள் திரும்பிவந்தன’ ஓவியத்தில் இலையற்ற பிர்ச் மரங்களில் காகங்கள் கூடு கட்டுகின்றன. கீழே அழுக்கேறிய பனி கரைகிறது. பின்னால் ஒரு கிராமத்துத் தேவாலயம். ஐசக் லெவித்தான் 1895-இல் வரைந்த ‘மார்ச்’ ஓவியத்தில் பனிவண்டி பூட்டிய குதிரை ஒரு வீட்டு வாசலில் வெயிலில் நிற்கிறது. வீட்டுக்காரர் இப்போது வெளியே வந்துவிடுவார் என்று தோன்றும். இவை கண்ணால் கண்ட வசந்தங்கள். ரோரிக்கின் வசந்தத்தை யாரும் கண்டதில்லை. அங்கே தேவாலயமோ வீடோ வண்டியோ இல்லை. எந்த ஊர், எந்த நூற்றாண்டு என்று சொல்ல ஒரு தடயமும் இல்லை. மேடுகள் முதுகை வளைத்துப் படுத்த விலங்குகளைப் போல உயிரோடு இருக்கின்றன. மேகங்களும் பாறைகளும் ஒரே வளைகோட்டில் அமைந்து, வானமும் மண்ணும் ஒரே உடல் என்று உணர்த்துகின்றன. குறியீட்டியர்கள் என்று அழைக்கப்பட்ட அக்கால ஓவியர்களின் நோக்கம் இதுதான். கண்ணுக்குத் தெரியும் நிலத்தைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சுட்டுவது. ரோரிக் சுட்ட விரும்பியது, கிறித்தவத்துக்கும் அரசுக்கும் முற்பட்ட ஒரு ரஷ்யாவை.

இதை அவர் வெறும் கனவிலிருந்து எடுக்கவில்லை. 1874-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். சிறுவயதிலேயே தம் குடும்பத்தின் இஸ்வாரா பண்ணையைச் சுற்றியிருந்த பழைய ஈமமேடுகளைத் தோண்டிப் பார்த்தவர். ஓவியக் கல்லூரியில் நிலக்காட்சி மேதை ஆர்க்கிப் குயிஞ்சியின் மாணவர். கூடவே சட்டமும் படித்தார். தொல்லியலில் முறையாக இயங்கினார். 1903, 1904-ஆம் ஆண்டுகளில் மனைவி ஹெலெனாவுடன் பழைய ரஷ்ய நகரங்களைச் சுற்றிக் கோட்டைகளையும் கோயில்களையும் வரைந்தார். 1911 கோடையில் ஸ்மோலென்ஸ்க் அருகே தலாஷ்கினோ பண்ணையில் இசையமைப்பாளர் ஈகோர் ஸ்ட்ராவின்ஸ்கியும் அவரும் உட்கார்ந்து ஒரு நாட்டியத்துக்கான கதையை வகுத்தார்கள். முதற்பாதியில் மக்கள் பூமியை வணங்குகிறார்கள்; முதியவர் குனிந்து மண்ணை முத்தமிடுகிறார். இரண்டாம் பாதியில் இரவு. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பெண், வசந்தம் திரும்பி வருவதற்காகச் சாகும்வரை ஆடுகிறாள். செர்கேய் தியாகிலெவின் நாட்டியக் குழு 1913 மே 29-ஆம் தேதி பாரிஸின் சான்ஸ் எலிசே அரங்கில் இதை மேடையேற்றியது. ‘வசந்தச் சடங்கு’ என்ற அந்தப் படைப்புக்கு ஸ்ட்ராவின்ஸ்கி இட்ட துணைத்தலைப்பே ‘பழஞ்சமயத்து ரஷ்யாவின் காட்சிகள்’ என்பதுதான். அன்று அரங்கில் எழுந்த கூச்சலில் ஆடியவர்களுக்கு இசையே கேட்கவில்லை என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. கூச்சல் அடங்கி ஆட்டத்தைப் பார்த்த சிலர் மேடையின் பின்னால் அமைதியாக நின்ற அந்தப் பச்சை மேடுகளையும் பார்த்திருப்பார்கள். இசையமைப்பு நூலை ஸ்ட்ராவின்ஸ்கி ரோரிக்குக்கே காணிக்கையாக்கினார்.

இனிச் சான்றுகளுக்கு வருவோம். ரஷ்யத்தன்மையின் உச்சம் என்று முன்வைக்கப்பட்ட இந்த வசந்தத்தைக் கட்டியவர்கள் யார்? ஓவியரின் தந்தைவழிக் குடும்பம் இன்றைய லாட்வியாவைச் சேர்ந்தது. ஆட்டத்தை அமைத்த வாஸ்லாவ் நிஜின்ஸ்கி, கீவ் நகரில் போலந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். இசையின் பெரும்பகுதி ஸ்விட்சர்லாந்தின் கிளாரன்ஸ் ஊரில் எழுதப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, திரை விலகுவதற்கு முன்னே ஒலிக்கும் அந்தப் புகழ்பெற்ற முதல் மெட்டைக் கேளுங்கள். பசூன் என்ற குழல்கருவி, தனக்குப் பழக்கமான தாழ்ந்த சுரங்களை விட்டுவிட்டு, மூச்சுத் திணறும் உச்சத்தில் ஒற்றையாக இழைகிறது. மண்ணைப் பிளந்து முளை எழும் ஓசை அது என்று ரசிகர்கள் சொல்வார்கள். அது ரஷ்ய மெட்டே இல்லை. 1900-இல் கிராக்கோவில் வெளியான லிதுவேனிய நாட்டுப்பாடல் தொகுப்பு ஒன்றிலிருந்து ஸ்ட்ராவின்ஸ்கி எடுத்தது. வெளியிலிருந்து வந்தவை கலந்தே ரஷ்யத்தன்மை உருவானது என்பதை ரோரிக்கும் அறியாதவர் அல்லர். 1901-இல் அவர் வரைந்த ‘கடல்கடந்த விருந்தினர்’ ஓவியத்தில், ஆழ்ந்த நீலநிற ஆற்றில் வடபுல வரங்கியர்களின் வண்ணப் படகுகள் வரிசையாக வருகின்றன. கடற்காக்கைகள் சுற்றிப் பறக்கின்றன. பச்சை மேடுகள் கரையில் காத்திருக்கின்றன. ரஷ்ய அரசின் தொடக்கத்தை வெளியிலிருந்து வந்த வரங்கியர்களோடு இணைக்கும் பழைய நாளாகமத்தை அந்தப் படம் கொண்டாடுகிறது. தேசத்தின் விடியலை வரையச் சொன்னால், விருந்தாளிகள் வந்து இறங்கும் காலைப்பொழுதை வரைந்தவர் அவர்.

பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் இதே திசையில்தான் நம்மைக் கொண்டுபோகிறது. ரோரிக்கும் ஸ்ட்ராவின்ஸ்கியும் சந்தித்த தலாஷ்கினோ, இளவரசி மரியா தெனிஷேவாவின் பண்ணை. நாட்டுப்புற மரச்செதுக்கு, பூத்தையல், பழைய ஆடைகள் ஆகியவற்றை அவர் அங்கே திரட்டினார். கைவினைப் பட்டறைகளை நடத்தினார். நாட்டிய ஆடைகளுக்கான மாதிரிகளை ரோரிக் அந்தத் தொகுப்பிலும் தேடினார். அந்த ஆடைகளில் சில இன்றும் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. தடித்த கம்பளித் துணியில் தைத்த முழுநீள அங்கிகள். விளிம்புகளில் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக வட்டங்களும் பட்டைகளும் அச்சிட்டிருக்கும். ஆடுபவருக்கு அது வேர்வையும் சுமையும். பார்ப்பவருக்கு ஆதிமனிதரின் வசந்தம். இளவரசியின் கணவர் வியாச்செஸ்லாவ் தெனிஷேவ், பிரியான்ஸ்க் இரும்பு, இயந்திர ஆலையை நிறுவியவர்களில் ஒருவர். மாஸ்கோ அருகே அப்ராம்த்செவோவில் இதேபோல நாட்டார் கலையை வளர்த்த சவ்வா மாமந்தவ், ரயில்பாதை அமைத்துச் செல்வம் சேர்த்தவர். ஆகவே, உழவும் காடும் மேடுமான ஆதி ரஷ்யா என்ற சித்திரம் ஆலைப்புகைக்கு எதிரே நின்ற உலகில் பிறக்கவில்லை. ஆலையில் ஈட்டிய பணத்தில், ஆலையால் நிலம் மாறத் தொடங்கிய தலைமுறையில் பிறந்தது. நிலம் மாறும்போதுதான் நிலத்தின் முகம் என்ன என்ற கேள்வி மனிதருக்கு எழுகிறது.

இங்கே முதல் மறுப்பு எழும். அப்படியானால் இதெல்லாம் புனைவுதானே, லிதுவேனிய மெட்டையும் ஆலைப் பணத்தையும் பாரிஸ் மேடையையும் சேர்த்து ஒட்டிய பொய்தானே என்று கேட்பார்கள். மறுப்பின் பாதியை ஏற்கவேண்டும். பழைய ஸ்லாவியர் வசந்தத்தில் கன்னிப்பெண்ணை ஆடவிட்டுப் பலியிட்டார்கள் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. தொல்லியல் தெரிந்த ரோரிக்கின் படைப்பிலும் கற்பனை தாராளமாகவே கலந்திருக்கிறது. ஆனால் பலவற்றைச் சேர்த்துக் கட்டியது என்பதாலேயே ஒன்று பொய் ஆகிவிடாது. நம் வீட்டுத் தெருவில் சித்திரையிலும் வைகாசியிலும் செந்தீயாகப் பூக்கும் மயிற்கொன்றை, மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். அது வந்த வழியைத் தெரிந்துகொண்ட பிறகும் நம் கோடையை அதன் நிறம் இல்லாமல் நினைக்க முடிவதில்லை. பொய் என்பது வேறு. பல இடங்களிலிருந்து வந்ததை மறைத்து, இது ஒரே குருதியில் விளைந்தது என்று சொல்வதுதான் பொய். ‘வசந்தச் சடங்கு’ கட்டப்பட்ட வரலாறு, அந்தப் பொய்க்கு எதிரான சாட்சியாகவே நிற்கிறது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. மண்ணைத் தெய்வமாக்கினால் மண் பலி கேட்கும் என்பது அது. ரோரிக்கின் மேடுகளுக்கு முன்னால் முதியவர்கள் வட்டமாகச் சூழ்ந்திருக்க, ஓர் இளம்பெண் செத்து விழுகிறாள். அடுத்த ஆண்டே, 1914-இல், ஐரோப்பா முழுதும் மண்ணின் பெயரால் இளைஞர்களைப் போர்முனைக்கு அனுப்பியது. மண்ணையும் குருதியையும் ஒன்றாகக் கட்டிய அரசியல் அடுத்த முப்பது ஆண்டுகளில் செய்த கொடுமைகளும் நமக்குத் தெரியும். இந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது. இந்த ஓவியத்தின் உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது என்பது என் முடிவு. அந்த நிலத்தில் வழிபாடு இருக்கிறது, உழைப்பு இல்லை. விதைப்பவர், மாடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர் யாரையும் காணோம். உழைக்கும் மனிதரை அகற்றிவிட்ட நிலத்துக்கு மனிதரோடு மிஞ்சும் உறவு பலி ஒன்றுதான்.

இந்த இடத்தில் தமிழ் மரபு தரும் விடை எனக்கு மிகுந்த வெளிச்சமாகத் தெரிகிறது. நிலத்தைக் குறியீடாக்குவதில் நமக்கு ஈராயிரம் ஆண்டுப் பயிற்சி உண்டு. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. உணர்வை உரிப்பொருள் என்றது. இரண்டுக்கும் இடையே கருப்பொருளை வைத்தது. அந்தக் கருப்பொருளில் தெய்வம் மட்டும் இல்லை. உணவும் விலங்கும் மரமும் பறவையும் பறையும் யாழும் உண்டு. மக்கள் செய்யும் தொழிலும் உண்டு. குறிஞ்சியென்றால் தினைப்புனம் காப்பவர் வேண்டும். நெய்தலென்றால் உப்பு விளைவிப்பவர் வேண்டும். தொழில் இல்லாத நிலம் நம் இலக்கணத்தில் முழுமை பெறாது. வசந்தத்தைப் பற்றியும் நம் மரபு எச்சரிக்கையோடு பேசுகிறது. வேனிலைப் பிரிவின் நிலமான பாலைக்குரிய பொழுதாக்கியது அது. சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையில் மாதவி, பிரிந்துபோன கோவலனுக்கு மடல் எழுதுவதும் இந்தப் பருவத்தில்தான். மலர்ச்சியின் நடுவே யாரோ ஒருவர் ஊரைவிட்டுப் போயிருக்கிறார் என்பதை நம் வசந்தம் மறப்பதில்லை. ரஷ்யரின் வசந்தம் பலியைக் கேட்டது. தமிழரின் வசந்தம் பிரிந்தவரை நினைத்தது. நிலத்தைப் போற்றிக்கொண்டே மனிதரைப் பலிகொடுக்காமல் இருக்க முடியும் என்பதற்கு இந்த மரபே ஆதாரம்.

மூன்றாவது மறுப்பு ரோரிக்கின் பிற்கால வாழ்க்கையைப் பற்றியது. ரஷ்ய மண்ணின் ஓவியர் ரஷ்யாவை விட்டே போய்விட்டாரே, அவருடைய தேசப்பற்றுக்கு என்ன பொருள் என்பார்கள். புரட்சிக்குப் பின் பின்லாந்து, லண்டன், நியூயார்க் என்று அலைந்து, 1923 இறுதியில் பம்பாயில் வந்திறங்கினார். 1925 முதல் 1928 வரை நடு ஆசியப் பயணம். பிறகு நக்கரில் ‘உருஸ்வதி’ என்ற இமாலய ஆய்வு நிறுவனம். ஷம்பாலா பற்றிய அவருடைய மறைஞான நம்பிக்கைகளை நாம் ஏற்கவேண்டிய தேவை இல்லை. ஆனால் அவர் தீட்டிய இமயமலைக் காட்சிகளில், அன்று ரஷ்ய மேடுகளுக்குத் தந்த அதே கவனம் தெரிகிறது. ஊதாவும் நீலமுமாக அடுக்கடுக்காக எழும் சிகரங்களில் அவர் தம் பழைய கேள்வியையே தொடர்கிறார். போர்க்காலத்தில் கலைச்செல்வங்களைக் காக்க அவர் முன்மொழிந்த உடன்படிக்கையில் 1935 ஏப்ரல் 15-ஆம் தேதி வாஷிங்டனில் அமெரிக்கக் கண்டத்தின் 21 நாடுகள் கையெழுத்திட்டன. தன் நாட்டின் பழம்பொருள்மீது கொண்ட பற்று, எல்லா நாடுகளின் பழம்பொருளையும் காக்கும் அக்கறையாக வளர்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். 1942-இல் நேருவும் இந்திராவும் நக்கரில் அவர் இல்லத்தில் தங்கினார்கள். 1947 டிசம்பர் 13-ஆம் தேதி அவர் மறைந்தார். எரியூட்டிய இடத்தில் நிற்கும் கல் அவரை இந்தியாவின் பெரும் ரஷ்ய நண்பர் என்று குறிக்கிறது. பின்னர் 1972-ஆம் ஆண்டின் பழம்பொருள், கலைச்செல்வங்கள் சட்டத்தின்கீழ் இந்திய அரசு ஒன்பது ஓவியர்களின் படைப்புகளைத் தேசியக் கலைச்செல்வங்களாக அறிவித்தபோது, ரவிவர்மா, மூன்று தாகூர்கள், நந்தலால் போஸ், ஜாமினி ராய், அம்ரிதா ஷெர்கில், சைலோஸ் முகர்ஜி ஆகியோருடன் ரோரிக்கும் இடம்பெற்றார். ஓவியரின் பிறப்பிடத்தைப் பார்க்காமல் அவர் இந்த நிலத்தோடு கொண்ட உறவைப் பார்த்து ஒரு குடியரசு எடுத்த முடிவு அது. என் வாதத்துக்கு இந்திய அரசே வழங்கிய ஒப்புதல் என்று இதைக் கொள்கிறேன்.

இப்போது நெடுஞ்சாலைக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஒரு தலைமுறைக்குள் நிலம் மாறிவிட்டது. ஏரிப்பாசன வயல்கள் இருந்த பகுதியில் 1998-இல் கொரிய நிறுவனமான ஹூண்டாயின் முதல் கார் வெளிவந்தது. அதன் பின்னே உதிரிப்பாக ஆலைகள், கண்ணாடி, மின்னணு ஆலைகள், சாலையோரத்தில் கொரிய மொழிப் பெயர்ப்பலகைகள். 2024-இல் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் தொழிலாளர் விடுதி திறக்கப்பட்டது. தமிழகத்தின் தென்கோடி மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார், அசாம் மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் இங்கே ஷிப்டு மாறி உழைக்கிறார்கள். இந்த ஊருக்கு இனி அடையாளம் ஏது, வயலோடு அதுவும் போய்விட்டது என்று வருந்துபவர்கள் உண்டு. அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. வரத்துக்கால் அடைபட்ட ஏரியும் விற்றுப்போன நஞ்சையும் திரும்புவது கடினம். இழப்பை இழப்பென்றே எழுதிவைக்க வேண்டும். ஆனால் அடையாளம் வயலோடு மட்டும் இருந்தது என்ற முடிவை நம் சான்றுகள் ஏற்கவில்லை. பங்குனியில் புங்கமரம் பழைய இலையை உதிர்த்து மினுங்கும் இளம்பச்சைத் தளிர் விடுகிறது, வேம்பு பூக்கிறது. சித்திரைத் திருவாதிரையில் ஸ்ரீபெரும்புதூர், இராமானுசரின் பிறந்தநாள் விழாவில் நிறைகிறது. அந்தப் பருவத்தில் காலை ஷிப்டுக்கு விடுதிப் பேருந்தில் ஏறும் பெண்ணும், இரவு வேலை முடிந்து வரும் ஒடிய இளைஞரும் அதே தளிரைக் கடந்துதான் போகிறார்கள். ஊரைவிட்டு வந்தவரின் பிரிவும், வந்த இடத்தின் தொழிலும், இளவேனிலின் மலர்ச்சியும் இங்கே ஒன்றாக இருக்கின்றன. தொல்காப்பியம் கேட்ட முதலும் கருவும் உரியும் மூன்றும் இருக்கின்றன. இல்லாதது இதைப் பார்த்து வரையும் கண் மட்டும்தான்.

தொழிற்பேட்டை எப்படி நிலக்காட்சி ஆகும் என்று கடைசியாகக் கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். ரோரிக்கின் மேடுகளும் அவர் வரையும்வரை வெறும் மேடுகளாகவே கிடந்தன. ஒரு நிலத்தைத் தன்னுடையது என்று சொல்லும் உரிமை, அங்கே முதலில் வந்தவருக்கு மட்டும் உரியதன்று. அதன்மேல் உழைத்து, அதைக் கூர்ந்து பார்த்து, அதைக் காக்க முன்வருபவர் எல்லோருக்கும் உரியது. ரோரிக்கின் வசந்தம் இந்த உண்மையைத் தன் பிறப்பிலேயே சுமந்திருந்தும், உழைப்பவரை மட்டும் படத்துக்கு வெளியே நிறுத்திவிட்டது. அந்தக் குறையைச் சரிசெய்தவர் நம் நாட்டிலேயே இருந்தார். 1938-இல் குஜராத்தின் ஹரிபுராவில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்காக, காந்தி கேட்டுக்கொண்டபடி நந்தலால் போஸ் வரைந்த பதாகைகளில் தச்சரும் உழவரும் பறையடிப்பவரும் சமைக்கும் பெண்ணும்தான் தேசம். அந்தப் பதாகைகளை அடுத்த அத்தியாயத்தில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.